எளிய பாடல் என்றொரு ஏமாற்று

ஜப்பானில் ஆண்டிறுதி விருந்துகளின் பருவம் நெருங்கும்போதெல்லாம் ஒருவகைப் பட்டியல்கள் தவறாமல் தலைகாட்டுகின்றன. பாட வராதவர்கள் கரோக்கி அறையில் மானம் காத்துக்கொள்ள எந்தப் பாடலைத் தேர்ந்தெடுப்பது என்பதே அவற்றின் பொருள். பத்துப் பாடல், இருபது பாடல், ஐம்பது பாடல் என்று எண்ணிக்கை மாறும். பாடல்கள் பெரிதும் மாறுவதில்லை. ஸ்பிட்ஸ் குழுவின் ‘செர்ரி’ (1996) இருக்கும். மொங்கோல்800 குழுவின் ‘ச்சீசனா கொய் நோ உதா’ (2001) இருக்கும். புளூ ஹார்ட்ஸின் ‘லிண்டா லிண்டா’ (1987), யோஷி இகுஸோவின் ‘ஒரா தோக்கியோ ச இகுதா’ (1984), சகமொத்தோ கியூவின் ‘உஎ ஒ முயித்தே அருக்கோ’ (1961), ஸ்மாப் குழுவின் ‘செகாய் நி ஹிதோத்சு தகே நோ ஹனா’ (2003) ஆகியவற்றுக்கு நிரந்தர இடமுண்டு.

இப்பட்டியல்கள் கருணையின் மொழியில் பேசுகின்றன. அஞ்சாதீர்கள், உங்களுக்கும் ஏற்ற பாடல் உண்டு என்று தோளில் கைபோடுகின்றன. நாம் இங்கே மறுக்க விரும்புவது அந்தக் கருணையைத்தான். பாடல்களோடு நமக்கு வழக்கில்லை. அவற்றுள் பலவும் நல்ல பாடல்கள். பட்டியலின் அடியில் சொல்லாமல் கிடக்கும் மூன்று எடுகோள்களோடுதான் வழக்கு. பாட வராதவர் என்றொரு தனி மனித வகை உண்டு என்பது முதலாவது. எளிமை என்பது பாடலுக்குள்ளேயே குடியிருக்கும் பண்பு என்பது இரண்டாவது. தன் குரலை வெளித்தெரியாமல் மறைத்துக்கொள்வதே அம்மனிதர் அடையத்தக்க உச்சம் என்பது மூன்றாவது. மூன்றுமே பொய். அதைவிட, கரோக்கி என்னும் கருவி எதற்காகப் பிறந்ததோ அதற்கே இம்மூன்றும் துரோகம் செய்கின்றன.

*

சொல்லிலிருந்து தொடங்குவோம், மொழி படித்தவர்களுக்கு அதுவே பழகிய வாசல். சுருதி சேராமல் பாடுபவரை ஜப்பானியர் ‘ஒன்ச்சி’ என்கின்றனர். இரண்டு சித்திர எழுத்துகளால் ஆன சொல் இது. முதலெழுத்து ஒலியைக் குறிக்கும். இரண்டாவதான ‘ச்சி’ மடமையைக் குறிக்கும். அவ்வெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் கொடுமை இன்னும் துலக்கமாகத் தெரியும். ‘அறிதல்’ என்னும் எழுத்தின்மேல் ‘நோய்’ என்னும் குறி கவிந்திருக்கிறது. ஒலியை அறியும் இடத்தில் நோய் பிடித்தவர் என்று ஒரு மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. சொல்லும் பாட்டோடு நிற்கவில்லை. வழி தெரியாமல் திண்டாடுபவர் ‘திசை ஒன்ச்சி’. கருவிகளோடு மல்லுக்கட்டுபவர் ‘இயந்திர ஒன்ச்சி’. விளையாட்டு வராதவர் ‘உடற்பயிற்சி ஒன்ச்சி’. ஒரு துறையில் பயிற்சி இல்லாமை என்பது பிறவிக் குறையாக மாறும் ரசவாதம் இந்தப் பின்னொட்டுக்குள் நிகழ்கிறது.

இதே ‘ச்சி’ என்னும் எழுத்து வேறொரு சொல்லிலும் இருந்தது. முதுமையில் வரும் நினைவிழப்பு நோயை ஜப்பானில் ‘ச்சிஹோ’ என்று வழங்கி வந்தனர். அச்சொல் நோயாளிகளை இழிவுபடுத்துகிறது, நோயைக் கண்டறிவதற்கும் தடையாகிறது என்று கூறி, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகம் அதைக் கைவிட்டு ‘நின்ச்சிஷோ’ என்னும் புதுச்சொல்லை ஏற்றது. மருத்துவமனையிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுத்து கரோக்கி அறையில் மட்டும் சௌகரியமாகக் காலை நீட்டி அமர்ந்திருக்கிறது. வேடிக்கைக்காகச் சொல்வதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. எழுபது வயதில் பெயர் மறந்துபோகும் ஒருவருக்கு மறுக்கப்பட்ட அவமானத்தை இருபது வயதில் சுருதி தவறும் ஒருவருக்கு வழங்குவதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை.

சொல்லை விடுவோம், அது குறிக்கும் பொருளாவது மெய்யா? சுரங்களை வேறுபடுத்திக் கேட்கவே இயலாத பிறவிநிலை ஒன்று உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மொன்றியல் நகரில் இசபெல் பெரெட்ஸ் முதலானோர் நெடுங்காலமாக அதை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். மக்கள்தொகையில் 4 சதவீதம் பேருக்கு அது இருக்கலாம் என்ற பழைய மதிப்பீட்டை, 2017இல் வெளியான பெரெட்ஸ், வூவான் ஆகியோரின் பரந்த ஆய்வு 1.5 சதவீதமாகக் குறைத்தது. தம்மை ‘ஒன்ச்சி’ என்று சொல்லிக்கொள்பவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்தாமா? எந்த அலுவலக விருந்திலும் தலைகளை எண்ணிப் பார்த்தால் போதும்.

மற்றவர்களுக்கு என்னதான் நேர்கிறது? 2007இல் ஃபோர்ட்ரெஷர், பிரவுன் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேரான விடை தந்தது. சுருதி தவறிப் பாடுபவர்களில் பலருக்குச் செவியில் குறையேதும் இல்லை. கேட்ட சுரத்தைப் பிறரைப் போலவே பிரித்தறிகின்றனர். கேட்டதைத் தொண்டையின் அசைவாக மாற்றும் இடத்தில்தான் கோணல் நேர்கிறது. அதே ஆண்டில் தல்லா பெல்லா, பெரெட்ஸ் முதலானோர் மொன்றியலில் இசைப்பயிற்சி இல்லாதவர்களைப் பாடவைத்து அளந்தனர். சாதாரண மக்கள் தொழில்முறைப் பாடகர்களைவிட வேகமாகப் பாடுகிறார்கள், அந்த வேகத்தில்தான் சுரம் தவறுகிறார்கள் என்பதைக் கண்டனர். வேகத்தைக் குறைத்துப் பாடச் சொன்னபோது பெரும்பாலோரின் சுரத்தூய்மை தொழில்முறைப் பாடகர்களுக்கு அருகில் வந்து நின்றது. ‘நோய்’ என்று எழுதப்பட்டது மெதுவாகப் பாடினால் தணிந்துவிடுகிறது! கைக்குப் பழகாத எழுத்தைக் கிறுக்கும் குழந்தையை எவரும் எழுத்து நோயாளி என்பதில்லை. தொண்டைக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் இல்லை?

*

இரண்டாம் எடுகோளுக்கு வருவோம். பாடலின் எளிமை எங்கே இருக்கிறது?

கரோக்கியின் பிறப்பு வரலாற்றை அறிந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ‘கரா’ என்றால் வெறுமை. ‘ஓகெ’ என்பது ஓகெஸுதொராவின் சுருக்கம். பாடகர் இல்லாத வாத்தியக்குழு என்று பொருள் கொள்ளலாம். தோக்கியோவில் மின்னணுச் சாதனங்கள் செய்துவந்த நெகிஷி ஷிகெயிச்சி 1967இல் ‘ஸ்பார்கோ பாக்ஸ்’ என்னும் பெட்டியை உருவாக்கினார். 2024இல் தமது நூறாவது வயதில் மறைந்தவர் அவர். காலையில் பாடிக்கொண்டே தொழிற்கூடத்துக்குள் நுழைந்த அவரை ஊழியர் ஒருவர் கிண்டல் செய்ததும், பின்னணி இசையோடு பாடினால் தம் குரல் எப்படி ஒலிக்கும் என்று காட்டிவிட வேண்டும் என அவருக்குத் தோன்றியதுமே தொடக்கம் என்பார்கள். கேலிக்கு உள்ளான ஒரு குரலின் பதிலாகவே அப்பெட்டி பிறந்தது.

இரண்டாவது கதை இன்னும் பொருத்தமானது. கோபே நகர மதுக்கூடங்களில் விசைப்பலகை வாசித்துவந்த இனொவே தைசுகேயிடம் சிறு நிறுவனம் ஒன்றின் தலைவர் வந்தார். வெந்நீரூற்று ஊர் ஒன்றுக்குப் பயணம் போகிறேன், அங்கே என்னைப் பாடச் சொல்வார்கள், உன் வாசிப்புக்குத்தான் எனக்குப் பாட வரும், கூட வா என்று அழைத்தார். இனொவேயால் போக முடியவில்லை. அந்தத் தலைவரின் குரலுக்கும் அவர் இழுத்துப் பாடும் போக்குக்கும் ஏற்றவாறு வாசித்து, நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து விளைந்ததுதான் 1971இல் அவர் செய்த ‘8 ஜூக்’ என்னும் பெட்டி. முதலில் பதினொரு பெட்டிகள் கோபே மதுக்கூடங்களுக்கு வாடகைக்குப் போயின. அவர் காப்புரிமை பெறவில்லை. 2004இல் விளையாட்டு நோபல் எனப்படும் ‘இக் நோபல்’ அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பிறரைச் சகித்துக்கொள்ள மனிதர்களுக்குப் புதியதொரு வழியைக் கற்றுத்தந்தார் என்பது பரிசுக்குச் சொல்லப்பட்ட காரணம். சிரிப்புக்காகச் சொல்லப்பட்டதுதான், ஆயினும் உண்மை.

இக்கதையின் சாரத்தை நாம் தவறவிடலாகாது. கரோக்கியின் முதற்செயல், வாத்தியம் பாடகரை நோக்கி இறங்கி வந்தது. பாட வராத ஒருவரிடம் நீ எளிய பாடலாகப் பார்த்துக்கொள் என்று இனொவே சொல்லவில்லை. அவர் விரும்பிய பாடலை அவருடைய தொண்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பட்டியல் எழுதுபவர்கள் செய்வது இதற்கு நேர்மாறான காரியம். குரல் தானே போய்ப் பொருத்தமான பாடலின் காலடியில் விழ வேண்டும் என்கிறார்கள்.

இனொவே கையால் செய்ததை இன்றைய கருவி ஒரு பொத்தானால் செய்கிறது. சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றவும் இறக்கவும் கருவியிலேயே வசதியுண்டு. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் உண்டு. பெண்குரல் பாடலை ஆண் பாடவேண்டுமானால் பெரும்பாலும் நான்கைந்து அரைச்சுரம் நகர்த்தினால் போதும். இருந்தும் பலர் அப்பொத்தானைத் தொடுவதில்லை. ‘கென்க்கியொக்கு கீ’, அதாவது மூலப்பாடலின் சுருதி, என்றொரு மானப் பிரச்சினை அங்கே உண்டு. மூலச்சுருதியில் பாடுபவரே பாடகர், இறக்கிப் பாடுபவர் தோற்றவர் என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கர்நாடக இசையில் ஊறிய செவிக்கு இது விசித்திரமாகவே படும். ஆண் ஒரு கட்டையிலும் பெண் ஐந்து கட்டையிலும் பாடுவது நமக்கு இயல்பு. ஒரு கீர்த்தனையின் ‘மூலக் கட்டை’ எது என்று எவரும் கேட்பதில்லை. பாடுபவரின் தொண்டையே சுருதியைத் தீர்மானிக்கிறது என்பது இங்கே விவாதத்துக்கு அப்பாற்பட்ட பாலபாடம். ஒலிப்பதிவை மூலமாகவும் குரலை அதன் நகலாகவும் கருதும் பண்பாட்டில்தான் இந்தப் பாலபாடம் மறந்துபோகிறது.

பட்டியலின் முதல் பாடலையே எடுத்துக்கொள்வோம். ‘செர்ரி’ எளிது என்கிறார்கள். மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, வேகம் மிதமானது, கேட்டிராதவர் இல்லை. எல்லாம் சரி. ஆனால் அதைப் பாடிய குசானோ மசமுனேவின் குரல் ஆண்குரல்களில் உயர்ந்தது. தாழ்ந்த குரலுடைய சாதாரண மனிதர் மூலச்சுருதியில் பல்லவியை எட்டும்போது தொண்டை இறுகுகிறது. எளிய பாடலிலேயே தோற்றேன் என்ற கூடுதல் அவமானத்தோடு ஒலிவாங்கியைக் கீழே வைக்கிறார். பட்டியல் அவரைக் காப்பாற்றவில்லை, படுகுழியில் தள்ளியிருக்கிறது. மூன்று அரைச்சுரம் இறக்கிப் பாடுங்கள் என்ற ஒற்றை வாக்கியம் அவரைக் காத்திருக்கும். அந்த வாக்கியத்தைத்தான் இப்பட்டியல்களில் தேட வேண்டியிருக்கிறது.

குழந்தைப் பாடல்கள் எளியவை என்பதும் இதே போன்றதொரு மயக்கம். ‘அகத்தொம்போ’ என்னும் செந்தும்பிப் பாடலைப் பாருங்கள். மிகி ரொஃபூ 1921இல் எழுதிய கவிதைக்கு யமதா கோசகு 1927இல் இசையமைத்தார். நான்காம் ஏழாம் சுரங்களை விலக்கிய ‘யொனானுக்கி’ அளவில் அமைந்தது அது. நம் மோகனத்தின் ஐந்து சுரங்களேதாம். ஆகவே நம் செவிக்கு உடனே உறவாகிவிடும். சுரங்கள் குறைவு, வேகம் குறைவு, சொற்கள் குறைவு. எனினும் முதலடியிலேயே மெட்டு ஓர் எண்மத்தைத் தாண்டி ஏறிவிடுகிறது. தாழ்ந்த பஞ்சமத்தில் தொடங்கி, அதே மூச்சில் மேல் ஷட்ஜத்தைத் தொட வேண்டும். பயிலாத தொண்டைக்கு இது சிறிய ஏற்றமன்று. 1914இல் பள்ளிப்பாடலாக வந்த ‘ஃபுருசாத்தோ’ இதைவிடப் பல மடங்கு இணக்கமானது. அதன் மெட்டு பெரிதும் அடுத்தடுத்த படிகளில் கால்வைத்து நடக்கிறது. இரண்டையும் ‘குழந்தைப் பாடல்’ என்று ஒரே கூடையில் போடுபவர் பாடலைக் கேட்டிருக்கிறாரே ஒழியப் பாடிப் பார்க்கவில்லை.

சொல்லுக்கும் சுரத்துக்கும் உள்ள உறவும் இங்கே கருதத்தக்கது. ஜப்பானிய மொழியின் ஓசையளவு ‘ஹக்கு’ எனப்படும். நம் மாத்திரையோடு ஒப்பிடலாம். நெடில் இரண்டு அளவு பெறுவது இரு மொழிக்கும் பொது. ஆனால் நாம் ஒற்றுக்கு அரை மாத்திரை தருகிறோம். அவர்களோ சொல்லிறுதி னகர ஒற்றுக்கும் இரட்டிக்கும் ஒற்றுக்கும் முழு அளவு தருகிறார்கள். ‘நிப்பொன்’ என்பது நான்கு அளவு. பழைய பாடல்களில் ஓர் அளவுக்கு ஒரு சுரம் என்பதே பெருவழக்கு. பாடுபவர் பேசும் நடையிலேயே பாடிவிடலாம். ‘உஎ ஒ முயித்தே அருக்கோ’ இன்றும் பலர் வாய்க்கு வசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1963இல் அது ‘சுகியாகி’ என்னும் சம்பந்தமற்ற பெயரில் அமெரிக்க பில்போர்டு வரிசையில் முதலிடம் பிடித்ததை நினைவுகொள்ளலாம்.

1978இல் அறிமுகமான சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவின் குவதா கெய்சுகே, ஜப்பானியச் சொற்களை ஆங்கிலம் போலக் குழைத்து ஒரே சுரத்துக்குள் பல அளவுகளைத் திணித்துப் பாடினார். அது ஒரு விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் சொல்லும் சுரமும் ஒன்றுக்கு ஒன்றாக நடந்த பாதை அங்கிருந்து கலையத் தொடங்கியது. 2007இல் ‘ஹட்சுனே மிகு’ என்னும் கணினிக் குரல் வந்தபோது நிலைமை வேறு தளத்துக்குப் போயிற்று. அக்குரலுக்கு நுரையீரல் இல்லை, மூச்சு வாங்குவதில்லை, எட்டாத சுரமென்று எதுவுமில்லை. அக்குரலுக்கு எழுதிப் பழகியவர்கள் பின்னர் மனிதக் குரலுக்கும் எழுதினார்கள். யொனெசு கென்ஷியும் யோசோபி குழுவின் அயாசேயும் அவ்வழியில் வந்தவர்களே. யோசோபியின் ‘யோரு நி ககேரு’ (2019) போன்ற பாடல்களில் மூச்சுக்கு இடம் தேடிக் களைத்துப்போகும் மனிதர், குறை தம்மிடம் இருப்பதாக நம்புகிறார். மூச்சற்ற குரலின் மரபில் விளைந்த மெட்டை மூச்சுள்ளவர் பாடத் திணறினால் அதில் வியக்க என்ன இருக்கிறது? எளிய பாடல்களின் பட்டியல் தேவைப்படும் அளவுக்குப் பாடல்கள் கைக்கெட்டாத உயரத்துக்குப் போயின என்பதே உண்மை. அந்த வரலாற்றைப் பட்டியல் பேசுவதில்லை. வரலாற்றின் விளைவை ஒருவரின் தொண்டைக் குறையாகக் கணக்கெழுதிவிடுகிறது.

*

மூன்றாம் எடுகோள்தான் மூன்றிலும் நச்சுமிக்கது. இப்பட்டியல்கள் தரும் அறிவுரைகளைத் தொகுத்தால் ஓர் ஒளிந்துகொள்ளும் கலையின் இலக்கணம் கிடைக்கும். குறுகிய பாடலைத் தேர்ந்தெடு, விரைவில் முடிந்துவிடும். எல்லோரும் சேர்ந்து கத்தும் பல்லவியுள்ள பாடலைத் தேர்ந்தெடு, உன் குரல் அமுங்கிவிடும். கூச்சலிடும் பாடலைத் தேர்ந்தெடு, சுரம் தெரியாது. பேச்சுப் போன்ற பாடலைத் தேர்ந்தெடு, மெட்டே வேண்டியதில்லை. சிரிப்பூட்டும் பாடலைத் தேர்ந்தெடு, நீ தவறினாலும் நகைச்சுவை என்று எண்ணிக்கொள்வார்கள்.

இவ்வறிவுரை பாடுபவரை மட்டுமன்று, பாடலையும் அவமதிக்கிறது. பேச்சுப் போன்றது, மெட்டு வேண்டியதில்லை என்று சொல்லி ‘ஒரா தோக்கியோ ச இகுதா’வைக் கைகாட்டுகிறார்கள். அதைப் பாடிய யோஷி இகுஸோ, வடகோடி அஒமொரியின் கனகி ஊர்க்காரர். எழுத்தாளர் தஸாய் ஒஸாமு பிறந்ததும் அவ்வூரே. ஒன்றுமில்லாத கிராமத்தை விட்டுத் தலைநகருக்கு ஓடத் துடிக்கும் ஒருவனின் எரிச்சலை அப்பாடல் வட்டார மொழியின் தாளத்தில் கொட்டுகிறது. அதில் மெட்டின் பாரத்தையெல்லாம் தாளமும் மொழியும் சுமக்கின்றன. தாளம் தவறினால் பாடலே இல்லை. இதை ‘ஒன்றும் தெரியாதவர்க்கானது’ என்று பரிந்துரைப்பவர், வட்டாரப் பேச்சை இலக்கணமற்ற மொழி என்று சொல்லும் பழைய பண்டிதரின் பேரப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

‘லிண்டா லிண்டா’வின் கதையும் இதுவே. கத்தினால் போதும் என்கிறார்கள். யமஷித்தா நொபுஹிரோ இயக்கிய ‘லிண்டா லிண்டா லிண்டா’ (2005) படத்தைப் பார்த்தவர்களுக்கு அப்பாடல் ஒளிவிடம் அன்று என்பது தெரியும். பள்ளி விழாவுக்காக அவசரமாகக் கூடும் மாணவியர் இசைக்குழு ஒன்றில், ஜப்பானிய மொழியே சரியாக வராத கொரிய மாணவி பாடகியாகிவிடுகிறாள். அவள் தனியே கரோக்கி அறைக்குப் போய்ப் பயிற்சி செய்கிறாள். எதையாவது குடிக்க வாங்கினால்தான் பாடலாம் என்று அங்குள்ள பணியாளரும் அவளும் மல்லாடும் காட்சி சிரிப்பூட்டுவது. ஆனால் அதன் பிறகு அவள் பாடுவது சிரிப்புக்குரியதாக இல்லை. மொழியும் சுரமும் முழுதாகக் கைவராத ஒருத்தி தன் குரலை ஒளிக்காமல் முன்வைப்பதே அப்படத்தின் உயிர்.

ஒளிந்துகொள்ளும் தேவை எங்கிருந்து வந்தது? 1950களின் ஜப்பானில் ‘உதகோஎ கிஸ்ஸா’ என்னும் பாட்டுத் தேநீர்க் கடைகள் இருந்தன. அக்கார்டியன் ஒலிக்க, கையில் பாட்டுப் புத்தகத்தோடு, முன்பின் அறியாதவர்கள் ரஷ்ய நாட்டுப்பாடல்களையும் தொழிலாளர் பாடல்களையும் சேர்ந்து பாடினர். செகி அகிகோ முன்னின்று வளர்த்த பாட்டியக்கத்தோடு உறவுடையவை அவை. சுருதி தவறுபவர் அக்கூட்டத்தில் தவறுபவராகத் தனியே நிற்கவில்லை. பலரில் ஒருவராக நின்றார். கரோக்கி அக்கூட்டுக்குரலைக் கலைத்து ஒருவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தது. முதலில் மதுக்கூடத்தின் அந்நியர் முன்னிலையில். பிறகு, 1980களின் நடுவில் ஒகயாமா பகுதியில் சரக்குப் பெட்டகங்களை அறைகளாக்கியபோது, நண்பர்களும் சக ஊழியர்களும் மட்டும் சூழ்ந்த மூடிய அறையில். பின்னர் 2011இல் தோக்கியோவின் கந்தா பகுதியில் ஒருவர் மட்டுமே பாடுவதற்கான தனியறைக் கடை திறக்கப்பட்டது. கூட்டத்திலிருந்து தனிமைக்கு நடந்த இப்பயணத்தில் ஆதாயமும் உண்டு. தனியறை பயிற்சிக்கூடமாகும்போது அதை வரவேற்போம். வெட்கத்தின் மறைவிடமாகும்போது அது நம் தோல்வி.

வெட்கத்தை எண்ணாக்கிக் காட்டும் பொறியும் அறைக்குள்ளேயே இருக்கிறது. மதிப்பெண் பொறி, பாடுபவரின் சுரத்தைக் கோடுகளாக்கித் திரையிலுள்ள மாதிரிக் கோடுகளோடு ஒப்பிடுகிறது. கீழிருந்து சறுக்கி ஏறும் ‘ஷகுரி’ எத்தனை, எங்கா பாடல்களில் வரும் ‘கொபுஷி’ என்னும் குரற்சுழற்சி எத்தனை, அதிர்வு எத்தனை நொடி என்று எண்ணுகிறது. ஷகுரியும் கொபுஷியும் ஒரு மரபின் அழகுகள். எண்ணிக்கையானவுடன் அவை சில்லறைக் காசுகள் ஆகின்றன. நூற்றுக்கு எத்தனை என்ற தீர்ப்பு எல்லோர் கண்ணுக்கும் முன் ஒளிர்கிறது. முதலிடம் பிடிக்க வேண்டியதில்லை, அவரவர் தனித்தன்மையே போதும் என்ற கருத்தைச் சொல்லும் ஸ்மாப் குழுவின் பாடலைப் பாடி முடித்தவருக்கு 61 மதிப்பெண் என்று பொறி அறிவிப்பதை எண்ணிப் பாருங்கள். இதைவிடக் கூர்மையான அங்கதத்தை எந்தக் கவிஞரும் எழுதிவிட முடியாது.

*

நம் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளை அறியாமல் இல்லை. நாளை மாலை விருந்து, மேலாளர் பாடச் சொல்வார், அந்த மனிதருக்கு நீங்கள் வரலாறு சொல்லிக்கொண்டிருப்பீர்களா, ஒரு பாடலின் பெயர் சொல்வீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அக்கேள்விக்குள் இருக்கும் கட்டாயத்தைப் பாருங்கள். விருப்பமில்லாதவரைப் பாடவைப்பதற்கு ஜப்பானில் ‘கரஹரா’, அதாவது கரோக்கித் தொல்லை, என்று பெயரே வந்துவிட்டது. பணியிட அதிகாரத் துன்புறுத்தலைத் தடுக்க நிறுவனங்களைக் கடமைப்படுத்தும் சட்டத்திருத்தம் 2019இல் நிறைவேறி, 2020 ஜூனில் பெருநிறுவனங்களுக்கும் 2022 ஏப்ரலில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. மேலாளரின் கட்டளைக்கு அஞ்சும் ஊழியருக்கு முதலில் தேவை பாட மாட்டேன் என்று சொல்லும் உரிமை. அறையில் தம்புரின் இருக்கிறது. கைதட்டுவதற்குக் கைகள் இருக்கின்றன. கேட்பதற்குச் செவி இருக்கிறது. கேட்பவர் இல்லாமல் பாட்டு ஏது? எளிய பாடல்களின் பட்டியல் இந்த உரிமையைப் பேசாமல், கட்டளைக்குப் பணிவதைச் சுலபமாக்கித் தருகிறது.

கரோக்கியே ஒரு வெற்றுப் பண்பாடு, நகலின் நகல், அதைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று கேட்கும் இலக்கிய அன்பர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். நம் காலத்தில் பெரும்பாலான மனிதர்கள் பாடலைக் கேட்பவர்களாக மட்டுமே வாழ்ந்து மறைகிறார்கள். அவர்கள் வாய்திறந்து பாட எஞ்சியிருக்கும் சில இடங்களில் கரோக்கி அறையும் ஒன்று. அங்கும் தகுதித்தேர்வு வைத்துக் கதவடைப்பதைக் கலையின் காவல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பட்டியலே கூடாது என்பதும் நம் வாதமன்று. நேர்மையான பட்டியல் ஒன்று சாத்தியம். பாடலின் தாழ்ந்த சுரத்துக்கும் உயர்ந்த சுரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அது சொல்லட்டும். ஓர் எண்மத்துக்குள் அடங்குமானால் பெரும்பாலான குரல்களுக்கு வழியுண்டு. மெட்டு படிப்படியாக நடக்கிறதா, தாவுகிறதா என்று சொல்லட்டும். ஓர் அளவுக்கு ஒரு சுரமா, திணித்த சொற்களா என்று சொல்லட்டும். மூச்சுவிட இடம் எங்கே என்று காட்டட்டும். மெதுவான பாடல் எல்லாம் எளிது என்று பொய் சொல்லாதிருக்கட்டும். தம் அண்ணனின் இழப்பை நினைந்து மொரியாமா ரியோகோ எழுதி, பிகின் குழு இசையமைத்த ‘நாதா சோசோ’ மெதுவானதுதான், ஆனால் அதன் நீண்ட சுரங்களைத் தாங்க மூச்சு வேண்டும். இறுதியாக, எத்தனை அரைச்சுரம் இறக்கலாம், வேகத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்லட்டும். அத்தகைய பட்டியல் வாசகரை நோயாளியாக அன்றி, பாடப் புறப்பட்டவராக நடத்தும். உன் குறை தெரியாத பாடல் எது என்ற கேள்வியை அது கைவிட்டு, நீ பாட விரும்பும் பாடல் எது, அதை உன் தொண்டைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கும்.

கோபே மதுக்கூடத்தின் விசைப்பலகைக் கலைஞர் ஒருவர் 1971க்கு முன்பே கேட்டுவிட்ட கேள்விதான் இது. அவர் கண்ட விடை இன்று ஒவ்வொரு கரோக்கிக் கருவியிலும் ஒரு பொத்தானாக இருக்கிறது. அதை அழுத்துவதில் இழிவில்லை என்று சொல்லத் துணியாத எந்தப் பட்டியலும் பாட வராதவர்களுக்கு நண்பனாக இருக்க முடியாது.